பலத்தைத் தின்னும் பழம்

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பளுதூக்கும் கூடத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை ஈ நுழைய இடமில்லை. தன் எடையைப் போல் ஒன்றரை மடங்கு இரும்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கிறவர்கள், கழுத்து எங்கே முடிகிறது தோள் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாதவர்கள், எல்லாரும் தரையில் சம்மணம் போட்டு, கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினார்கள். எதற்கு இந்தத் தவம்? ஒரு மனிதர் வந்து வாழைப்பழத்தைப் பற்றிப் பேசப்போகிறாராம்!

மனிதர் வந்தார். 'பலஞானி' என்று பட்டம். பட்டத்தைக் கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள், அவரேதான். நல்ல ஒல்லி. வாழ்நாளில் அவர் தூக்கியவற்றில் அதிக எடை உள்ளது அந்த மைக்காகத்தான் இருக்கும்.

"பலம் பலத்தைத் தின்னும்!" என்று முழங்கினார்.

கூட்டம் விழித்தது. அவருடைய நாக்குக்கு 'ழ' வராது. பழம் பலத்தைத் தின்னும் என்பது அதன் பொருள் என்று முன்வரிசையில் இருந்த ஒருவர் விளக்கினார். உடனே கூடமே கைதட்டியது. புரியாமல் பேசினால் ஞானம், புரிந்துவிட்டால் பரம ஞானம்.

"பலத்துல இருக்கறது என்ன? தண்ணி! தண்ணி எங்க போகும்? கீல போகும்! நீ எடையை மேல தூக்கணும். உள்ள போன தண்ணி உன்னைக் கீல இலுக்கும். எப்படிடா ஜெயிப்ப?"

எவ்வளவு பெரிய விஞ்ஞானம்! இதைச் சொல்லி முடித்ததும் தொண்டை வறண்டு ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார். அந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்க அங்கே ஆளில்லை.

"நம்பாதவங்க யாராச்சும் மேல வாங்க. வாய் பொய் சொல்லும். கை பொய் சொல்லாது!"

எழுந்து போனவள் தபாலக்கா. தபால் பட்டுவாடா செய்கிற வேலை. அதனால் கூடத்தில் அந்தப் பெயர். காலையில் மாடிமாடியாக ஏறிக் கடிதம் கொடுப்பாள், மாலையில் இரும்பு தூக்குவாள். அடுத்த மாதம் மாநிலத் தேர்வுப் போட்டி. முப்பத்து நான்கு வயதில் இதைவிட்டால் அவளுக்கு வேறு வாய்ப்பு கிடையாது.

பலஞானி அவளுடைய இடது கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்தார். வலது கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொன்னார். பேசிக்கொண்டே இரண்டு விரலால் மணிக்கட்டை அழுத்தினார். கை பொத்தென்று கீழே விழுந்தது.

"ஆ!" என்றது கூட்டம்.

பழத்தை வாங்கிக்கொண்டு மஞ்சள் நிறத் தகர டப்பா ஒன்றைக் கொடுத்தார். 'வல்லமைப் பொடி', சொந்தத் தயாரிப்பு. "இப்ப உறுதியா நில்லும்மா. விட்டுடாத. அலுத்தப் போறேன்." அழுத்தினார். முழங்கைப் பக்கம் முகம் சிவக்க அழுத்தினார். கை அசையவில்லை.

தன் கையே தன் கண்முன்னே சாட்சி சொல்லிவிட்டபின் பாவம் அவள் என்ன செய்வாள்? அன்றைக்கே பொடி வாங்கினாள்.

வீட்டிலிருந்து பழங்கள் நாடு கடத்தப்பட்டன. கணவன் ஆஸ்பத்திரி கேன்டீனில் சமையல்காரன். ஆப்பிளோடு உள்ளே வந்தவனை வாசலிலேயே நிறுத்தினாள்.

"இது உள்ள வரக்கூடாது."

"ஆப்பிளா, நானா?"

"ரெண்டும் சேர்ந்து வரக்கூடாது."

"ஏண்டி, ஆபரேஷன் பண்ணிப் படுத்திருக்கறவனுக்கே டாக்டர் பழம் குடுக்கச் சொல்றார். உனக்கு மட்டும் விஷமா?"

"அவங்கல்லாம் எடை தூக்கறாங்களா?"

அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்து ஆப்பிளைத் தின்றுவிட்டு உள்ளே வந்தான்.

முன்பெல்லாம் தபால் சுற்றில் பாதி வழியில் இரண்டு வாழைப்பழம் சாப்பிடுவாள். இப்போது பொடியைக் கரைத்துக் குடித்தாள். பதினொரு மணிக்கே மாடிப்படி இரண்டிரண்டாகத் தெரிந்தது. வயிறு கல்லாகிவிட்டது. காலையில் கழிவறைக்குள் போனால் வெளியே வர அரை மணி. "தேர்வுப் போட்டி அங்கதான் நடக்குதா?" என்று கணவன் கதவைத் தட்டுவான். வெறும் பயிற்சிக்குத் தூக்கிக்கொண்டிருந்த எடை ஒருநாள் மாலை அவள் தோள்வரை வந்து, அங்கிருந்து மேலே போக மறுத்துத் தரையில் மோதியது.

பலஞானியிடம் ஓடினாள். அவர் கண்ணை மூடினார், திறந்தார்.

"உன் வீட்டுல யாரோ திருட்டுத்தனமா பலம் சாப்பிடுறாங்க."

வசதியான சாத்திரம்! தூக்கிவிட்டால் பொடியின் மகிமை, தூக்காவிட்டால் வீட்டில் இருப்பவர்களின் வாய்.

வீட்டுக்கு வந்து கணவனைப் பிடித்துக்கொண்டாள். "நீதானே?"

"நான் கேன்டீன்லயே சாப்பிட்டுட்டுத்தான் வரேன். வீட்டுல ஒரு திராட்சைகூடத் தொடல."

கதவுக்குப் பின்னாலிருந்து விசும்பல் கேட்டது. மகள். மூன்றாம் வகுப்புப் படிக்கிறவள்.

"அம்மா... பக்கத்து வீட்டு அத்தை ஒரு ஆரஞ்சு குடுத்தாங்க. சாப்பிட்டுட்டேன். என்னாலதான் நீ தூக்கலையா?"

எந்தத் தாய்க்கும் அந்த இடத்தில் புத்தி திரும்பியிருக்க வேண்டும். தபாலக்காவுக்கு மனசு வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் பலஞானியிடம் போய்ப் பரிகாரம் கேட்டாள். "போட்டி முடியுற வரைக்கும் குலந்தையை வேற வீட்டுல விடு" என்றார் அவர். பிள்ளையைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

"அந்த ஆளைத் துரத்த வேண்டிய வீட்டுலேர்ந்து பெத்த பிள்ளையைத் துரத்தறியே, நல்லா இருக்கு" என்றான் கணவன். அதோடு பேச்சை நிறுத்திவிட்டான். தட்டில் சோறு வந்தது, குழம்பு வந்தது, வார்த்தை வரவில்லை. மகள் இல்லாத வீட்டில் தபாலக்கா சுவரைப் பார்த்துச் சாப்பிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூட்டம். இப்போது சின்னப் பிள்ளைகளின் தாய்மார்களும் வந்திருந்தார்கள். எடை தூக்காத பிள்ளைக்குப் பழம் எப்படிக் கெடுதல் என்று ஒரு தாய் கேட்டாள். புத்தகப் பை கனமாக இருக்கிறதே, அது எடை இல்லையா என்றார் பலஞானி. தாய்மார்கள் நடுங்கிப் போனார்கள்.

சாட்சி சொல்லத் தபாலக்காவை மேடைக்கு அழைத்தார்கள். வீட்டு அலமாரியிலிருந்து அவள் எடுத்துவந்த மஞ்சள் டப்பாவை இடது கையில் பிடித்தாள். பலஞானி அழுத்தினார். கை இரும்பாக நின்றது. கைதட்டல் கூரையைத் தூக்கியது.

இறங்கும்போது கால் சற்றே இடறியது. டப்பா குலுங்கியது. உள்ளே என்னவோ உருண்டது.

பொடி உருளுமா?

எடைத் தட்டுகள் அடுக்கியிருக்கும் மூலைக்குப் போய் மூடியைத் திறந்தாள். உள்ளே உலர்ந்த திராட்சை. காலி டப்பாவில் மகள் ஒளித்துவைத்த கையிருப்பு!

முதலில் அவளுக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. ஐயோ, பழத்தைத் தொட்டுவிட்டோமே! கையைப் பார்த்தாள். பிறகுதான் உறைத்தது. பழம் கையில் இருந்தும் இந்தக் கை விழவில்லையே. கை பொய் சொல்லாது என்று அவர்தானே சொன்னார்? அப்படியானால் பொய் சொன்னது எது?

பழம் என்று தெரிந்தால் விழுகிறது. தெரியாவிட்டால் நிற்கிறது. தெரிய வேண்டியது கைக்கா, அழுத்துகிறவருக்கா?

அன்று மாலை அடுப்படியில் கணவன் முன்னால் போய்க் கையை நீட்டினாள். "அழுத்து."

பேசக்கூடாது என்ற விரதத்தை அவன் மறந்துவிட்டான். "என்ன?"

"முழங்கைகிட்ட அழுத்து."

அழுத்தினான். தொங்கினான் என்றே சொல்லலாம். கை அசையவில்லை.

"இப்ப மணிக்கட்டுல. நான் தயாராகறதுக்கு முன்னாடி."

"ஆமா, பால் பொங்குது பாரு" என்றான். அவள் திரும்பினாள். அவன் இரண்டு விரலால் தட்டினான். கை விழுந்தது. பால் பொங்கவேயில்லை.

எடைக் கம்பியை நடுவில் பிடிப்பதற்கும் நுனியில் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் பன்னிரண்டு வருஷமாக அவளுடைய தினசரிப் பாடம். அந்தப் பாடத்தைக் கூடத்து வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றிவிட்டல்லவா உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறாள்!

"பிள்ளையை நாளைக்கே கூட்டிட்டு வந்துடலாம்" என்றான் அவன்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை முடியட்டும். அவளுக்கு நான் பதிலோட போகணும்."

ஞாயிற்றுக்கிழமை ஒரு சாக்குப் பையோடு மேடை ஏறினாள். உள்ளே ஆறு பொட்டலங்கள். பழுப்புத் தாள் சுற்றி, நூல் கட்டி, அரக்கு வைத்த அசல் தபால் பொட்டலங்கள்.

"ஆறுமே உங்க மஞ்சள் டப்பாதான் ஐயா. சிலதுல உங்க பொடி, சிலதுல பழம். எங்க ஆபீஸ்ல தபால் பிரிக்கிறவர் கட்டினது. தராசுல வச்சு ஒரே எடைக்குக் கட்டியிருக்கார். எதுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. நீங்க கையை அழுத்திச் சொல்லுங்க."

பலஞானியின் முகம் ஒரு நொடி காலி டப்பாவானது. "ஞானத்தைச் சோதிக்கிறது பாவம்மா."

அவர் தப்பித்திருப்பார். காப்பாற்ற வந்த பக்தர்தான் கவிழ்த்தார். கூடத்திலேயே பெரிய உடம்புக்காரர், பெயரே 'மலை'. எழுந்து மார்பைத் தட்டினார். "ஞானி, ஒரே நிமிஷம்! நிரூபிச்சு இந்தம்மா வாயை அடைங்க! என் கையை அழுத்துங்க!" கூட்டம் முழுக்க "செய்ங்க, செய்ங்க!" என்று கத்தியது. நம்பிக்கை என்றால் இதுவல்லவா!

முதல் பொட்டலம். பலஞானி அதை வாங்கி மூக்குவரை கொண்டுபோனார். "ஐயா, கைதானே பொய் சொல்லாது, மூக்கு எதுக்கு?" என்றாள் தபாலக்கா. பலஞானி பொட்டலத்தை மலையிடம் கொடுத்துக் கையை அழுத்தினார். விழுந்தது. "பலம்!" பிரித்தார்கள். ஆரஞ்சு!

கூடம் அதிர்ந்தது. விசில் பறந்தது. தபாலக்கா மிச்சப் பொட்டலங்களை எண்ணிப் பார்த்தாள். பலஞானிக்குத் தன்னைப் பற்றித் தனக்கே சந்தேகம் வந்துவிட்டது, ஒருவேளை நமக்கு நிஜமாகவே சக்தி இருக்கிறதோ என்று.

இரண்டாவது. கை நின்றது. "சுத்தமான பொடி! மலை அசையல பாரு!" பிரித்தார்கள். உள்ளே வாழைப்பழம் இரண்டு சுகமாகப் படுத்திருந்தன.

மூன்றாவது. கை விழுந்தது. "விஷம்! கையே தாங்கல!" பிரித்தார்கள். வல்லமைப் பொடி. தன் சரக்கைப் பற்றி அவர் உண்மைக்கு இவ்வளவு அருகில் வந்தது அதுதான் முதல் தடவை.

நான்காவதில் தயங்கினார். ஐந்தாவதில் வியர்த்தார். இரண்டும் தப்பு. ஆறாவதைத் தொடவேயில்லை.

"தாள்... தாள் தடுக்குது. சக்தி உள்ள போகல."

"தகரம் தடுக்கல, தாள் தடுக்குதா?" என்றாள் தபாலக்கா. "போன வாரம் நான் பிடிச்சிருந்த டப்பாவுல திராட்சை. என் பொண்ணு ஒளிச்சு வச்சது. கை நின்னுச்சு, நீங்க எல்லாரும் கைதட்டினீங்க."

அவள் மலையைப் பார்த்தாள். "அண்ணே, பொடி டப்பாவை நீங்களே பிடிங்க. கையை நீட்டுங்க. உங்க ஷூ கயிறு அவுந்திருக்கு பாருங்க."

மலை குனிந்து பார்த்தார். இரண்டு விரல். கை விழுந்தது.

"இப்ப வாழைப்பழம். உறுதியா நில்லுங்க, அழுத்தப்போறேன்." முழங்கைக்குப் பக்கத்தில் தன் முழு எடையையும் போட்டு அழுத்தினாள். கை அசையவில்லை.

"இப்ப நானும் ஞானிதானே?"

கூட்டத்தில் இருந்த கணவன் மேடைக்கு வந்து பொடியை விரலில் தொட்டு நாக்கில் வைத்தான். "வறுத்த மாவு, பால் பவுடர், சர்க்கரை. பல்லு முளைக்காத குழந்தைங்களுக்கு எங்க கேன்டீன்ல கஞ்சி வைப்போம்."

மலை தன் கையை ஒரு பார்வை பார்த்தார், பலஞானியை ஒரு பார்வை பார்த்தார். இரண்டாவது பார்வை நீளமாக இருந்தது. பலஞானிக்கு வெளியூரில் அவசர வேலை ஒன்று நினைவுக்கு வந்தது. பின்வாசல் வழியாகப் போனார். உடம்பில் தண்ணீர் சத்து இருந்தும் நல்ல வேகம்.

அன்று மத்தியானமே தபாலக்கா தன் அக்கா வீட்டுக்குப் போனாள். மகள் அறைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டினாள்.

"போட்டி முடிஞ்சிடுச்சாம்மா?"

"இல்லடா கண்ணு. அம்மாவோட முட்டாள்தனம் முடிஞ்சிடுச்சு. உன்னால ஒண்ணும் ஆகல. அம்மாதான் யோசிக்காம விட்டுட்டேன்."

பிள்ளை உடனே நம்பவில்லை. ஓர் ஆரஞ்சை உரித்து முதல் சுளையைத் தாய் வாயில் போட்டுவிட்டு, கை விழுகிறதா என்று உற்றுப் பார்த்தாள். பிறகுதான் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

தேர்வுப் போட்டியில் தபாலக்காவுக்கு மூன்றாவது இடம். பழம் சாப்பிட்டு முதலிடம் வாங்கினாள் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும்; அப்புறம் எனக்கும் அந்த மனிதருக்கும் என்ன வித்தியாசம்? முதலிரண்டு இடத்தில் வந்தவர்கள் அவளைவிட நன்றாகத் தூக்கினார்கள், அவ்வளவுதான்.

அவள் கூடத்துக்குத் திரும்பிய அன்று வாசலில் ஒரு சிறு கூட்டம் நின்றது. அதே ஜன்னல் கம்பி ஆட்கள், அதே தாய்மார்கள். மலை முன்னால் வந்து பயபக்தியோடு குனிந்தார்.

"அக்கா, இனிமே நீங்கதான் எங்களுக்கு வழி காட்டணும். எந்தப் பழம், எந்தக் கிழமை, எந்தப் பக்கம் பார்த்துச் சாப்பிடணும்னு சொல்லுங்க. முதல்ல உங்க கையை என் தலைமேல வைங்க."

தபாலக்கா அந்தப் பெரிய தலையைப் பார்த்தாள்.

"என் கை எதுக்கு அண்ணே? இவ்வளவு இரும்பைத் தூக்கறீங்க, இந்தத் தலையையும் ஒருநாள் தூக்கிப் பாருங்க. ஒண்ணும் கனமில்ல. பயிற்சி விட்டுப்போச்சு, அவ்வளவுதான்."