ஸ்டோர் ரூமில் ஓர் ஆபீஸ்

வீட்டில் உட்கார்ந்து சம்பாதிக்கிற ஆண்பிள்ளையை இந்த உலகம் சம்பாதிக்கிறவனாக ஒப்புக்கொள்வதே இல்லை. வீட்டில் இருக்கிறான், அவ்வளவுதான். கூரியர்காரர் எதிர்வீட்டுப் பார்சலை என் தலையில் கட்டுவார். எதிர்வீட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். குழாய் ரிப்பேர்காரர் மாடி முழுவதற்கும் என்னைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவார். போதாக்குறைக்கு என் மனைவி.

"என்னங்க, சும்மாதானே இருக்கீங்க?"

இந்த ஒரு கேள்வியால் என் தொழில் படுத்தே விட்டது என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

என்ன தொழில் என்று சொல்லவில்லையே. மிக்ஸி, ஃபேன் வாங்கினால் கூடவே ஒரு சின்னப் புத்தகம் வருமே, யாருமே பிரிக்காமல் அலமாரியில் போட்டுவைப்பார்களே, அதைத் தமிழில் எழுதுகிறவன் நான். 'ஈரக் கையால் தொடாதீர்கள்' என்று ஊர் உலகத்தையே எச்சரிக்கும் பொறுப்பு. அப்பேர்ப்பட்டவனை வெங்காயம் உரிக்கக் கூப்பிட்டால் எப்படி?

அந்த மாதம் கைக்கு வந்திருந்தது வாஷிங் மெஷின் புத்தகம். அதற்கு முந்தைய ஹீட்டர் தாமதம். அதற்கும் முந்தைய மிக்ஸி அதைவிடத் தாமதம். கம்பெனி மேனேஜர் போனில் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சார், மாசக் கடைசிக்குள்ள வரணும். இதுவும் லேட்டானா வேற ஆளப் பாத்துக்கறோம். தப்பா எடுத்துக்காதீங்க."

வேறு ஆள் வந்துவிட்டால் எனக்கு மிச்சம் இருப்பது என் மச்சானின் ஹார்டுவேர் கடை ஒன்றுதான். மனைவியின் அண்ணன். தங்கமான மனுஷன். "மாப்பிள்ளைக்குன்னு ஒரு ஸ்டூல் எப்பவும் காலியா கெடக்கு" என்று பார்க்கும்போதெல்லாம் அன்பொழுகச் சொல்வார். அந்த ஸ்டூலை நான் பார்த்திருக்கிறேன். ஆணிப் பெட்டிகளுக்கும் பெயிண்ட் டப்பாக்களுக்கும் நடுவே, அவர் கண் எட்டும் தூரத்திலேயே போட்டிருக்கும். அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்தேன். சாப்பாட்டு மேஜை அருகே எழுந்து நின்று அறிவித்தேன்.

"நாளையிலேருந்து ஸ்டோர் ரூம்தான் என் ஆபீஸ். காலையில உள்ள போனா சாயங்காலம்தான் வருவேன். நடுவுல நான் இந்த வீட்டுலயே இல்ல. எந்த வீட்டு வேலைக்கும் என்னைக் கூப்பிடக் கூடாது."

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அவளும் வீட்டிலிருந்தே சம்பாதிக்கிறவள்தான். சோபா உறை, ஜன்னல் திரை தைத்துக் கொடுக்கிறாள். அவள் வேலை ஒருநாளும் தாமதமானதில்லை. நான் அதை அவ்வளவாகக் கவனித்ததும் இல்லை.

"எதுக்குமேவா?"

"எதுக்குமே."

"பாத்திரம்?"

"மாட்டேன்."

"துணி மடிக்கறது?"

"பேச்சே கிடையாது."

"சரிங்க" என்றாள்.

வாக்குவாதம் இல்லை, முகம் சுளிப்பு இல்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆனந்தத்தில் மூளை வேலை செய்யவில்லை.

மறுநாள் சட்டையை இன் பண்ணி, ஷூ போட்டுக்கொண்டு, எட்டடி நடந்து ஆபீஸ் போனேன். அரிசி மூட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கம்ப்யூட்டரை வைத்தேன். கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டினேன்: 'இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது கதவைத் திறக்க முயலாதீர்கள்.' புத்தகத்திலிருந்தே எடுத்த வாக்கியம். அன்றைக்கு நான் எழுதிய ஒரே வாக்கியமும் அதுதான்.

ஏனென்றால் யாருமே கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால், 'ஐயோ, நல்லா எழுதிட்டிருந்தேன், கெடுத்துட்டியே!' என்று சொல்லியிருக்கலாம். சொல்ல ஆளில்லை. திரையில் இன்னும் எழுதாத இரண்டாவது வாக்கியம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் தையல் மிஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு மெல்ல உறைத்தது. இத்தனை காலமும் நான் வெங்காயத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வெளியே சொல்லவில்லை. உங்களோடு இருக்கட்டும்.

அடுத்த நாள் மழை பிடித்துக்கொண்டது. பால்கனியில் துணி. கை பரபரத்தது.

"துணி நனையுது!" என்று கதவுக்குள்ளிருந்து கத்தினேன்.

"யாருங்க அது?" என்றது அவள் குரல். "எங்க வீட்டுக்காரர் ஆபீஸ் போயிருக்காரே!"

மூன்றாம் நாள் தாங்க முடியவில்லை. அவள் திரைகளைக் கொடுத்துவிட்டு வர வெளியே கிளம்பினாள். நான் பூனை போல நடந்து சமையலறைக்குப் போனேன். தொட்டி நிறையப் பாத்திரம். மனசு குளிர்ந்தது. ஷூவைக்கூடக் கழற்றாமல் தேய்க்க ஆரம்பித்தேன். இரண்டு தம்ளரும் ஒரு கரண்டியும் முடித்து குக்கருக்கு வந்தபோது பின்னால் செருப்புச் சத்தம். கையும் களவுமாக என்பார்கள். நான் கையும் சோப்புமாக.

"என்ன பண்றீங்க?"

"தண்ணி குடிக்க வந்தேன்."

"குக்கர்லயா?"

நுரை முழங்கையில் வழிந்தது.

"ஆபீஸ் நேரத்துல இப்படித் திருட்டுத்தனமா வந்து பாத்திரம் தேக்கலாமா? நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"இந்தக் குக்கர் மட்டும்..."

"கீழ வைங்க."

"பாதி தேச்சாச்சு!"

"மீதிய நான் தேச்சுக்கறேன். எத்தனை பக்கம் ஆச்சு?"

தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்தது அன்றைக்கா, கல்யாணமான வருஷமேவா, தெரியாது.

"ஒரு பக்கம் எழுதிக் காமிங்க" என்றாள் நிதானமாக. "குக்கர் தரேன்."

என்னை என்ன குழந்தை என்று நினைத்தாளா? கோபத்தோடு உள்ளே போனேன். கோபத்தோடு உட்கார்ந்தேன். அதே கோபத்தில் ஒரு பக்கத்தை எழுதி முடித்து, ஓடி வந்து குக்கரை வாங்கிக்கொண்டேன். அவ்வளவு நிம்மதியாக நான் எதையும் தேய்த்ததில்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் விலைவாசி நிலவரம் தீர்மானமாகிவிட்டது. வெங்காயம் உரிக்க அரைப் பக்கம். துணி மடிக்க இரண்டு பக்கம். பேரமும் நடக்கும்.

"ஒன்றரைதான் ஆச்சு. சட்டைய மட்டும் மடிச்சுக்கறேனே?"

"மடிங்க. பேன்ட்டத் தொடக் கூடாது."

ஒருநாள் குறுக்கு வழியில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பக்கத்தை நிரப்பிப் பார்த்தேன். அவள் கம்ப்யூட்டரில் எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, எழுத்தெல்லாம் என்ன இப்படிக் கொழுத்துப் போச்சு?"

அன்று முழுக்க எனக்கு ஒரு கரண்டிகூடக் கிடைக்கவில்லை.

எதிர்வீட்டுக்காரர் சாவியோடு வந்தார். "சார்கிட்ட குடுத்துட்டுப் போறேன்மா" என்றார்.

"அதுக்கு அவர் அரைப் பக்கம் முடிக்கணும். கொஞ்சம் உக்காருங்க."

அவர் ஒன்றும் புரியாமல் சோபா நுனியில் உட்கார்ந்தார். நான் வியர்க்க விறுவிறுக்க அரைப் பக்கத்தை முடித்து வந்து, இரண்டு கையாலும் சாவியை வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து அவர் என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்க்கிறார்.

மாசக் கடைசிக்கு முன்பே வாஷிங் மெஷின் முடிந்தது. அனுப்பிய கையோடு மேனேஜர் கூப்பிட்டார்.

"சார், உடம்பு கிடம்பு ஒண்ணும் இல்லையே?"

"இல்லையே, ஏன்?"

"சொன்ன தேதிக்கு முன்னாடியே வந்துடுச்சே, அதான் கேட்டேன். ரொம்ப நல்லா வந்திருக்கு. ஃபிரிட்ஜ் அனுப்பறேன், அதையும் நீங்களே பண்ணிடுங்க."

அன்று சாயங்காலம் மச்சான் போன் செய்தார். என் மனைவிதான் எடுத்தாள். "அந்த ஸ்டூல்ல வேற யாரையாவது உக்கார வைண்ணே, இவருக்குத் தலைக்கு மேல வேலை" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்டோர் ரூமுக்குள் போய் அரிசி மூட்டைமேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தேன். புத்தகம் முடிந்தது. பக்கக் கணக்கும் அதோடு முடிந்தது. இனி நான் சுதந்திர மனுஷன். என் இஷ்டத்துக்கு, என் சந்தோஷத்துக்கு, எவ்வளவு வேண்டுமானாலும் பாத்திரம் தேய்ப்பேன். கேட்க ஒருத்தரும் கிடையாது.

விடிந்ததும் விடியாததுமாகச் சமையலறைக்குப் போனேன். தொட்டி பளபளவென்று காலியாக இருந்தது. வெங்காயம் உரித்துக் கிண்ணத்தில் கிடந்தது. துணி மடித்து அடுக்கியிருந்தது. பேன்ட்டும்தான். என் மனைவி ஒன்றும் அறியாதவள் போலத் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குன்னு ஒண்ணுமே வைக்கலையா?" என்றேன்.

அவள் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பாத்ரூம் கழுவறது இருக்கு. ஆனா அதுக்கு ஃபிரிட்ஜ்ல அஞ்சு பக்கம் ஆகும்."