முளைக்காத நெல்லுக்கு ஒரு வாத்தியார்

மூன்று வேளையும் சோறு தின்பவனுக்கு நெல்லைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும் என்று நம்பிய மடையன் நான். அந்த மடத்தனத்தை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் மண்ணில் புதைத்து, தண்ணீரும் ஊற்றி, வெயிலும் காட்டினேன்.

அப்போது ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன். கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் கற்பித்தல் பயிற்சி. எனக்குக் கிடைத்த பாடம், விதை முளைத்தல். பயிற்சி நிறுவனத்திலிருந்து மேடம் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் நான் தேறமாட்டேன். அதனால் சார்ட் அட்டகாசமாக வரைந்தேன். விதை, முளை, நாற்று, கதிர், மறுபடி விதை என்று வட்டமாக அம்புக்குறி. விதைதான் பாக்கி.

ஸ்டேஷனிலிருந்து பள்ளிக்கு நடக்கும் வழியில், ரைஸ் மில்லை ஒட்டி ரோட்டோரம் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு அம்மா காலால் தள்ளிக் கிளறிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒரு பிடி எடுத்துக்கட்டுமா? ஸ்கூல் பசங்களுக்கு."

"எட்துக்கோ நைனா, ஒரு பிடில இன்னா கொறஞ்சிடப் போவுது?"

அள்ளினேன். உள்ளங்கையில் வெதுவெதுவென்று இருந்தது. உயிருள்ளது என்றால் சூடு இருக்கத்தானே செய்யும் என்று புல்லரித்துப்போனேன். (சிரிக்காதீர்கள், இன்னும் இருக்கிறது.)

டீக்கடைப் பேப்பர் கப்பில் மண் நிரப்பி, ஆளுக்கொரு கப், மேலே அவரவர் பெயர். நெல்லைக் கையில் வாங்கிய பவித்ரா மோந்து பார்த்தாள். அவள் வீட்டில் நிலம் நீச்சு உண்டு.

"சார், எங்க ஊட்டு அடுப்புல அவிக்கிற வாசன வருது சார்."

"அதுதாம்மா மண் வாசனை. போடு, போடு."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போட்டாள்.

நெல் முளைக்கவில்லை. வெயிலில் வைத்தோம், நிழலில் வைத்தோம், தண்ணீரைக் கூட்டினோம், குறைத்தோம். கடைசியில் செடிக்கு அன்பு வேண்டும் என்று சொல்லி, கப்புகளிடம் பேசவே வைத்தேன். மேடம் வருவதற்கு முந்தைய நாள், டேனியல் என்கிற வாண்டு கப்புக்குள் வாயை வைத்துக் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"எந்திரி நெல்லு. நாளிக்கு மேடம் வராங்க. நீ வர்லன்னா சாரு பெயிலு."

(அதைப் பிள்ளைகளிடம் சொன்ன மேதாவியும் நான்தான்.)

மறுநாள் காலை வகுப்புக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். ஜன்னலோரம் வைத்திருந்த எல்லாக் கப்பிலும் பச்சைப்பசேலென்று நாற்று! சாண் உயரம்! இரவு லேசாகத் தூறியது ஞாபகம் வந்தது. மழைத்தண்ணீருக்கு இவ்வளவு சக்தியா? அறிவுள்ள எவனுக்கும் அங்கே சந்தேகம் வந்திருக்கும். எனக்குக் கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

மேடம் வந்ததும் மார்பை நிமிர்த்திக்கொண்டு ஆரம்பித்தேன். "ஒரே ராத்திரியில் இந்த வளர்ச்சி மேடம். தினமும் செடியோடு பேசினோம்."

மேடம் ஒரு நாற்றைப் பிடித்துத் தூக்கினார். வேரும் சேறுமாகக் கொத்தாகக் கையோடு வந்தது. விரலால் மண்ணைக் கிளறினார். அடியில் என் நெல், போட்டது போட்டபடி, நன்றாக ஊறி உப்பிக் கிடந்தது.

"இந்த நெல்லு எங்க வாங்கின?"

"ரோட்டுல காயப் போட்டிருந்தாங்க மேடம்... மில்லுக்குப் பக்கத்துல."

"அது அவிச்ச நெல்லுப்பா! புழுங்கலரிசிக்கு வேகவச்சுக் காயவச்சிருக்காங்க. அது எப்படி மொளைக்கும்?"

என் சார்ட்டின் வட்டத்திலிருந்து எப்போதோ இறங்கி, சோற்றுப்பானைக்குப் போய்க்கொண்டிருந்த நெல்லை நான் வழிமறித்திருக்கிறேன்.

"நான் அன்னிக்கே சொன்னேன் மேடம். சாரு மண் வாசனன்னுட்டாரு" என்றாள் பவித்ரா.

"அப்ப இந்த நாத்து?"

டேனியல் எழுந்தான். "காலைல பவித்ரா ஊட்டு நாத்தங்கால்ல புடுங்கினு வந்து நட்டோம் மேடம். சாரு பாவம் மேடம்."

மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டும் அடங்கவில்லை. மூச்சு வந்த பிறகு தீர்ப்புச் சொன்னார். "பசங்க எல்லாரும் பாஸ். நீ மறுபடி நடத்து."

நடத்தினேன். இந்த முறை விதைநெல் கொண்டுவந்தது பவித்ரா. ஊறவைத்து, ஈரச் சாக்கில் மூடிவைத்து, பிரித்துப் பார்த்தால் நூல் நூலாக வெள்ளை வேர். பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஹெட்மாஸ்டரே ஓடிவந்தார். நானும் தேறினேன்.

வீட்டில்தான் இன்னும் தேறவில்லை. அம்மா கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் அண்டா அண்டாவாகப் புழுங்கலரிசிச் சோறு வடிப்பவர். அவரிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கவே கூடாது. இன்று நான் வாத்தியார், கல்யாணமும் ஆகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை, புது மாமனாரும் மாமியாரும் கூடத்தில் உட்கார்ந்திருக்க, பசி தாங்காமல் சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தேன்.

"அம்மா, சோறு ஆச்சா?"

"இன்னும் மொளைக்கல."