கரிச்சானுக்கு இரும்பு இருக்கை

கரிச்சான் குருவிக்கு முறையாக உட்காரத் தெரியாது என்ற பேருண்மையை உலகுக்கு முதன்முதலில் அறிவித்த பெருமை சங்கரன்கோவிலையே சேரும். அதற்கு முன் பல லட்சம் ஆண்டுகளாக அந்தப் பறவை யாரிடமும் அனுமதி வாங்காமல், காய்ந்த கொம்பிலும் கரண்டுக் கம்பியிலும் எருமை முதுகிலும் இஷ்டத்துக்கு உட்கார்ந்து, ரெட்டை வாலை ஆட்டிக்கொண்டு, பறக்கிற பூச்சியையும் ஊர்கிற புழுவையும் தின்று வயிறு வளர்த்துவந்தது. இந்த ஒழுங்கீனத்தை 1983-ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் முடிவுக்குக் கொண்டுவந்தவர் முனைவர் சுந்தரராஜ்.

அவர் 'இயற்கைவழிப் பூச்சிக் கட்டுப்பாட்டுக் கள ஆய்வுப் பிரிவு' என்பதன் தலைவர். பிரிவு, ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு மாடியில் இயங்கியது. கீழே விசைத்தறி, மேலே விஞ்ஞானம். கீழே சத்தம் கேட்டால் துணி வரும். மேலேயும் சத்தத்துக்குக் குறைவில்லை.

கீழே ஓடிய தறிகளில் ஒன்று கோமதித்தாயின் அப்பா ஓட்டுவது. மாடியில் அவள் 'தற்காலிகக் கள நோக்காளர்'. அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவே பதினெட்டுப் படிதான். அதை ஏறி முடிக்க அவளுக்குப் பதினைந்து வருஷப் படிப்பு ஆனது. பி.எஸ்ஸி. விலங்கியல். அந்த வீட்டில் கையெழுத்துப் போடுகிற முதல் கை அவளுடையது. வாய் மட்டும் சும்மா இருக்காது. வேலை பங்குனியோடு முடிகிறது. "நிரந்தரம் ஆக்குறதைப் பரிசீலிப்போம்" என்று சுந்தரராஜ் சொல்லியிருந்தார். அவளால் ஏதாவது காரியம் ஆகவேண்டியிருக்கும்போதெல்லாம் அதைச் சொல்வார்.

திட்டம் எளிமையானது, அதனாலேயே மகத்தானது. பருத்திக் காயைப் புழு தின்கிறது. புழுவைக் கரிச்சான் தின்கிறது. ஆகவே வயலில் கரிச்சானுக்கு உட்கார இடம் செய்து கொடுத்தால் மருந்தே தெளிக்க வேண்டாம். வயலில் பாடுபடுகிற சம்சாரிகள் இதைக் காய்ந்த குச்சியை நட்டுச் செய்துவந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் குச்சி கோணல். ஒன்று உயரம், ஒன்று குட்டை. எந்தக் குச்சியிலும் எண் இல்லை. எண் இல்லாத குச்சியில் உட்கார்ந்த குருவியை விஞ்ஞானம் எந்தக் கட்டத்தில் எழுதும்? எனவே ஒரே உயரத்தில் இருபத்துநான்கு இரும்பு இருக்கைகள் லேத்துப் பட்டறையில் அடிக்கப்பட்டு, பச்சைப் பெயிண்ட் பூசி, ஒன்று முதல் இருபத்துநான்கு வரை எண் போடப்பட்டன.

ஆய்வுக்குக் குருவிகுளம் பக்கம் தேர்வானது ஏன் என்ற கேள்விக்கு, 'ஊரின் பெயரிலேயே குருவி இருப்பதால்' என்று சுந்தரராஜ் எழுதி அனுப்பினார். மேலிடம் இந்தத் தர்க்கத்தில் சொக்கி அன்றைக்கே அனுமதி கொடுத்தது.

வயல்கள் இரண்டு. 'ஆய்வு வயல்' கருத்தப்பாண்டியுடையது. ஊரில் பெரிய சம்சாரி, கிணறும் மோட்டாரும் உள்ளவர். வயல் ரோட்டோரம் இருந்ததால் ஜீப்பை விட்டு இறங்காமலே ஆய்வு செய்யலாம். இங்கே இரும்பு இருக்கை நிற்கும், குருவி வரும், புழு அழியும். 'ஒப்பீட்டு வயல்' வண்டிப்பாதையில் ஒரு மைல் உள்ளே, முப்பிடாதியம்மாளுடைய கரிசல். இங்கே இருக்கையும் கிடையாது, மருந்தும் கிடையாது, குருவியும் அண்டக் கூடாது. புழு தின்று தீர்க்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இருக்கையின் அருமை விளங்கும். விஞ்ஞானத்துக்காக யாருடைய வெள்ளாமையாவது நாசமாகத்தான் வேண்டும். அது யாருடையது என்பதை ரோட்டிலிருந்து உள்ள தூரம் தீர்மானித்தது.

ஒப்பந்தத்தில் கைரேகை வாங்கப் போன அன்று முப்பிடாதியம்மாள் கேட்டாள்.

"என் பருத்தியப் புழு திங்கணும், அப்படித்தானய்யா?"

"திங்கணும்னு இல்லம்மா. தின்னா நாங்க எண்ணுவோம்" என்றார் சுந்தரராஜ்.

"எண்ணி?"

"எழுதுவோம்."

"எழுதி?"

"அனுப்புவோம்."

"அப்ப புழு வயிறும் நெறையும், ஒங்க தாளும் நெறையும். எனக்கு?"

"ஏ முப்பிடாதி, கவர்மெண்டு காரியத்துல நொரநாட்டியம் பேசாத. ரேகைய வையி" என்றார் கருத்தப்பாண்டி. அவருடைய கிணற்றில்தான் அவள் மாடு தண்ணீர் குடிக்கிறது. வைத்தாள். பதிலுக்கு 'ஒப்பீட்டு வயல்' என்று எழுதிய தகரப் பலகை ஒன்று கிடைத்தது. மோர்ப்பானையில் வெயில் படாமல் மறைக்க அது அளவெடுத்த மாதிரி இருந்தது.

கோமதித்தாயின் கடமை இரண்டு பங்கு. காலையில் ஆய்வு வயலில் குருவி வரவேண்டும் என்று காத்திருப்பது. வெயில் ஏறியதும் ஒப்பீட்டு வயலுக்கு நடந்து போய், வருகிற குருவியைத் தகர டப்பாவைத் தட்டி விரட்டுவது. ஒரே பறவையை முற்பகலில் வரவேற்றுப் பிற்பகலில் அடித்துத் துரத்தும் இந்த முறைக்கு அரசாங்கத்தில் முன்னுதாரணம் உண்டு என்பதால் யாரும் ஆச்சரியப்படவில்லை.

முதல் நாளே, வெயில் ஏறி அவள் கிளம்பும் நேரத்தில் ஒரு கரிச்சான் வந்தது. ஏழாம் எண் இருக்கையில் உட்கார்ந்தது. ஒரு காலைத் தூக்கியது. மறு காலைத் தூக்கியது. இரண்டையும் ஒரே நேரத்தில் தூக்க வழி இல்லாததால் பறந்து போனது. மறுபடி ஒன்றும் வரவில்லை. கரிசக்காட்டு வெயிலில் இரும்பு சுடும் என்பது தோசை சுட்ட எவளுக்கும் தெரியும். ஆனால் ஆய்வுப் பிரிவில் தோசை சுட்டவர்கள் யாரும் முடிவெடுக்கும் பதவியில் இல்லை.

இருக்கைகள் சும்மாவும் இல்லை. கோமதித்தாயின் குறிப்பேடு சொல்கிறது: 'இருக்கை 7: கரிச்சான், நான்கு நொடி. இருக்கை 9 முதல் 14 வரை: கருத்தப்பாண்டி அண்ணாச்சியின் வேட்டிகள், மூன்று மணி நேரம்.' அண்ணாச்சி வீட்டு அம்மாள் சொன்னாள், "நல்ல ஸ்கீம் மக்கா இது. கொடி கட்டுத வேல மிச்சம்."

ஒப்பீட்டு வயலில் கதை வேறு. அந்தப் பக்கத்துச் சம்சாரிகள் பருத்திக்கு ஊடே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சோளம் போடுவார்கள். தையில் கதிரை அறுத்துக்கொண்டு தட்டையை அப்படியே நிற்க விடுவார்கள். ஆளுயரத்துத் தட்டை ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு கரிச்சான். கீழே பாய்கிறது, கவ்வுகிறது, திரும்பிப் போய் அதே உச்சியில் உட்கார்ந்து தின்கிறது. கோமதித்தாய் டப்பாவைத் தட்டினாள். பருந்தையே முதுகில் கொத்தித் துரத்துகிற பறவை அது. தற்காலிகப் பணியாளரையா மதிக்கப் போகிறது? இரண்டு தரம் அவள் உச்சந்தலைக்கு நேரே பாய்ந்து காட்டியது.

"கொட்டுமேளம் பலமா இருக்கே, யாருக்குட்டி கல்யாணம்?" என்று களையெடுத்தபடி கேட்டாள் முப்பிடாதியம்மாள்.

"ஒங்க பருத்திக்கும் புழுவுக்கும்தான் பெரியம்மா. பெரிய எடத்துல நிச்சயம் பண்ணியாச்சு."

"பொண்ணு வீட்டுக்குச் சம்மதமில்லன்னு போய்ச் சொல்லு."

மாசியில் கணக்கெடுப்பு. ஆய்வு வயலில் பத்துச் செடிக்கு முப்பத்தோரு புழு. ஒப்பீட்டு வயலில் மூன்று.

சுந்தரராஜ் தாள்களைப் படிக்கிற வழக்கம் உள்ளவர் அல்லர். ஒவ்வொன்றின் அடியிலும் 'களத்தில் நேரில் கண்டு சரிபார்த்தேன்' என்று பச்சை மையில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். விசிறிக் காற்றில் தாள் புரளும் வேகத்துக்குப் பேனா ஓடும். அன்றைக்கு மட்டும் தாள் மாட்டிக்கொண்டது, கண் பட்டுவிட்டது.

"என்னம்மா இது, தலைகீழா இருக்கு?"

"இருக்குறத எழுதிருக்கேன் சார்."

"ஒப்பீட்டு வயல்ல புழு இல்லன்னா நான் எதோட ஒப்பிடுறது?"

"இரும்பு சுடுது சார். நீங்க வேணும்னா ஒரு மத்தியானம் ஏழாம் நம்பர்ல உக்காந்து பாருங்க."

சுந்தரராஜ் பேனாவை மூடினார். "நிரந்தரம் பத்தி யோசிச்சுக்கிட்டே இருக்கேன்மா. யோசிக்கவிடு."

ஐந்து பேர் அடங்கிய ஆய்வுக் குழு பயணியர் விடுதியில் கூடி, வடை ஆறுவதற்குள் விஷயத்தின் வேரைக் கண்டுபிடித்தது. ஆய்வு வயலில் குறை ஏதும் இல்லை. ஒப்பீட்டு வயல்தான் தன் கடமையிலிருந்து தவறிவிட்டது. நாசமாவதாகக் கைரேகை வைத்துவிட்டு நாசமாகாமல் இருப்பது ஒப்பந்த மீறல். கோயில் புற்றுமண்ணை அந்தம்மாள் வயலின் நாலு மூலையிலும் தூவியிருப்பதாக ஒருவர் சொன்னார். 'மண் சார்ந்த காரணி' என்று குறித்துக்கொண்டார்கள். சோளத்தட்டைகளுக்கு 'அனுமதி பெறாத இருக்கைகள்' என்று பெயர் சூட்டி, பங்குனியில் பிடுங்கி எறிய உத்தரவானது. அதுவரை? அதுவரை 'புழுச் சமன்பாடு'. ஆய்வு வயலில் மிகுதியாக உள்ள புழுக்களில் இருநூறைப் பொறுக்கி, 'ஒப்பீட்டு வயலில் விடவும்'. நிறைவேற்ற வேண்டியவர்: தற்காலிகக் கள நோக்காளர்.

கருத்தப்பாண்டியின் வேட்டிகளுக்கு ஊடே குனிந்து அவள் புழுப் பொறுக்கினாள். மூடியில் ஓட்டை போட்ட டப்பாவோடு ஒரு மைல் நடந்தாள்.

"டப்பால என்னட்டி? திங்கவா?"

"புழு பெரியம்மா. இருநூறு."

"எதுக்கு?"

"ஒங்க வயல்ல விடச் சொல்லிருக்காங்க."

முப்பிடாதியம்மாள் களைவெட்டியைக் கீழே வைத்தாள். "மூணு வருசம் மழை இல்ல. இந்த வருசந்தான் செடியில காய் நிக்கி. அதுல கொண்டாந்து விடணும்னா சொல்லுத?"

"ஆமா."

"நீ என்ன படிச்சிருக்க?"

"பி.எஸ்ஸி. விலங்கியல்."

"அதுல இதுவும் சொல்லிக் குடுத்தாங்களாக்கும்."

தலையில் கொத்த வந்த கரிச்சான்கூட அவளை அப்படிக் கொத்தியதில்லை. கோமதித்தாய் உத்தரவை எடுத்து மறுபடி படித்தாள். 'ஒப்பீட்டு வயலில் விடவும்.' வயலில் என்றுதான் இருந்தது. செடியில் என்று இல்லை.

"ஒரு சாக்கு குடுங்க பெரியம்மா."

வாங்கிச் சோளத்தட்டைகளுக்கு நடுவே வெற்றுத் தரையில் விரித்தாள். டப்பாவைக் கவிழ்த்தாள். தள்ளிப் போய் நின்றாள். முதல் கரிச்சான் இறங்கியது. பந்தி போட்ட செய்தி எப்படித்தான் பரவியதோ, கரண்டுக் கம்பியில் இருந்ததெல்லாம் வந்தது. அவள் அப்பாவின் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதினாள்: 'விடப்பட்டவை இருநூறு. உண்ணப்பட்டவை இருநூறு. நேரம் பதினோரு நிமிடம்.'

"ஏட்டி, நாளைக்கும் கொண்டாருவியா?" என்றாள் முப்பிடாதியம்மாள், சாக்கை உதறியபடி. "குருவி நிரந்தரமா தங்கிரும்."

'இருநூறுக்கு இருநூறு' என்ற எண்ணைக் கண்டதும் சுந்தரராஜ் நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் எழுந்து அந்த மாடி பார்த்ததில்லை.

"பிரமாதம்மா. இது ஆய்வு வயல்ல நடந்ததா எழுதிட்டா என்ன?"

"அங்க நடக்கலயே சார்."

"எந்த வயல்ல தின்னோம்னு குருவிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப அதுக்கு ஆட்சேபணை இருக்காது."

அட்டவணையில் இரண்டு தலைப்புகள் இடம் மாறின. கரிசல் இருந்த இடத்திலேயே இருந்தது. மூன்று புழு இரும்புக்கு வந்தது, முப்பத்தொன்று முப்பிடாதிக்குப் போனது. கட்டுரை மாநாட்டில் வாசிக்கப்பட்டது. சுந்தரராஜுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நன்றியுரையில் கருத்தப்பாண்டிக்கும் லேத்துப் பட்டறைக்கும் ஜீப்புக்கும் இடம் கிடைத்தது. வட்டாரம் முழுவதும் இரண்டாயிரம் இரும்பு இருக்கைகள் நட ஆணை வந்தது. கோமதித்தாய்க்கும் ஒரு கடிதம் வந்தது: 'பறவைகளை விரட்டுவதில் போதிய ஊக்கம் காட்டாமையால் பணி நிரந்தரம் பரிசீலிக்க இயலவில்லை.'

வெள்ளிக்கிழமை ஆட்கள் போய்ச் சோளத்தட்டையைப் பிடுங்கி இரும்பு நடப்போகிறார்கள் என்றும் அதே தபாலில் இருந்தது. முப்பிடாதியம்மாளின் செடியில் அப்போதுதான் இரண்டாம் எடுப்புக்குக் காய் முற்றிக்கொண்டிருந்தது. குருவி போனால் அந்தக் காயை யார் எடுப்பார்கள் என்பது கோமதித்தாய்க்குத் தெரியும். எண்ணியவள் அவள்தானே.

கடைசி நாள் அவள் செய்தது, தனக்கு இடப்பட்ட கடமையை மட்டும். ஆண்டறிக்கையின் அறுபத்துநான்கு தாள்களையும் ஒழுங்காக அடுக்கி மேஜையில் வைத்தாள். சுந்தரராஜ் ஃபோனில் மேலிடத்தோடு பேசிக்கொண்டே, பச்சை மையில் ஒவ்வொன்றையும் நேரில் கண்டு சரிபார்த்தார்.

வெள்ளிக்கிழமை கடப்பாரையோடு போன ஆட்களிடம் முப்பிடாதியம்மாள் மோர்ப்பானையின் மேலிருந்த தகரப் பலகையைத் தூக்கி, அதன் அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். 'இவ்வயலின் சோளத்தட்டைகள் ஆய்வுக்கு இன்றியமையாதவை. அறுவடை முடியும்வரை எவரும் தொடக் கூடாது.' கீழே பச்சைக் கையெழுத்து. ஆட்கள் மோர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினார்கள். கோமதித்தாய் மேஜையில் வைத்த அடுக்கில் அது நாற்பதாம் தாளாக இருந்தது.

நாற்பத்தொன்றாம் தாள் ஆண்டறிக்கையோடு அட்டை போட்டுத் தைக்கப்பட்டு, மேலிடத்து அலமாரியில் இன்றும் பத்திரமாக இருக்கிறது. அறிக்கையைத் திறந்து படிக்கும் கெட்ட வழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. 'இவ்வட்டாரத்தின் முதன்மைப் பீடை' என்ற தலைப்பில் அச்சடித்த படிவம் அது. கோமதித்தாயின் கையெழுத்தில் நிரப்பப்பட்டிருக்கிறது.

'காணப்படும் பருவம்: ஆண்டு முழுவதும். நிதியாண்டு முடியும் மாதத்தில் பெருக்கம் மிகுதி. நடமாட்டம்: ஜீப்பில். ரோட்டிலிருந்து முப்பது அடிக்கு அப்பால் தென்படுவதில்லை. உணவு: உளுந்து வடை, அடுத்தவர் எண்ணிய எண்கள். சேதத்தின் தன்மை: காயின் தோலை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் தின்னும். வெளியிலிருந்து பார்த்தால் பயிர் செழிப்பாகவே தெரியும். ஓய்விடம்: இருக்கை சூடில்லாததாக இருக்கவேண்டும். ஒருமுறை உட்கார்ந்தால் எழுவதில்லை. இயற்கை எதிரி: இதுவரை கண்டறியப்படவில்லை.'

அடியில், பச்சை மையில்:

'களத்தில் நேரில் கண்டு சரிபார்த்தேன். சுந்தரராஜ்.'