பட்டுப் பிரிவின் வெள்ளை ஷூ

மனிதகுலம் பெண்களின் பாதத்தைப் பற்றி முதன்முதலாகச் சிந்தித்தது ஆவடியில், எங்கள் ஜவுளிக்கடையின் இரண்டாம் மாடியில்தான் என்பதை வரலாறு ஒருநாள் ஒப்புக்கொண்டே தீரும். அந்தச் சிந்தனைக்குத் தலைமை தாங்கியவன், மேலாளராகிய அடியேன்.

பட்டுப் பிரிவில் புடவை எடுத்துப்போடும் பஞ்சவர்ணம், காலையில் அண்ணனூரில் ரயிலேறி வந்தால் கடை சாத்தும்வரை நிற்கிறாள். குதிகால் வலி.

"கஸ்டமர் இல்லாதப்போ செத்த நேரம் குந்திக்கறேன் சார்" என்று கேட்டாள்.

என் மனம் உருகிவிட்டது. உடனே 'மகளிர் பாத நலக் குழு' அமைத்தேன். உறுப்பினர்கள்: நான், முதலாளி இராமகிருஷ்ணன், கடை விளம்பரம் பார்க்கும் கிரண். மூவருமே ஆண்கள் என்பதால் பாரபட்சத்துக்கு இடமில்லை.

சுழல்நாற்காலிகளில் சாய்ந்தபடி சாப்பாட்டு வேளைவரை விவாதித்து, பட்டுப் பிரிவுப் பெண்களுக்கு வெள்ளை ஷூ வாங்குவதென்று தீர்மானித்தோம். ஆனால் எதைப் பார்த்து வாங்குவது? அழகையா, சௌகரியத்தையா?

"கிளாசிக் ஷூன்னா அடிப்பாகம் ஒல்லியாத்தான் சார் இருக்கணும். போட்டோவுல செமையா இருக்கும்" என்றான் கிரண்.

"புடவைதான் தரையைப் பெருக்குதே, ஷூ எங்கப்பா தெரியப்போவுது?" என்றார் முதலாளி.

"கொஞ்சம் தூக்கிக் கட்டச் சொல்லிடலாம் சார்."

நான் சௌகரியத்தின் பக்கம் நின்றேன், உட்கார்ந்தபடியே. மாதிரிக்கு வந்திருந்தவற்றில் தடித்த அடிப்பாகம் கொண்ட ஒன்றைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, "பஞ்சு!" என்று தீர்ப்பளித்தேன். பஞ்சவர்ணத்தை வரவழைத்தோம்.

"குந்திகினு போட்டுப் பாக்கட்டா சார்?"

"நின்னே போடும்மா. நிக்கறதுக்குத்தானே வாங்கறோம்!"

சுவரைப் பிடித்துக்கொண்டு, கொக்குபோல் ஒற்றைக்காலில் நின்று நாடாவைக் கட்டினாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் கீது சார். ஆனா..."

'ஆனா'வைக் கேட்பது குழுவின் வேலையல்ல.

வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில், டப்பாக்களுக்குக் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி ஷூக்களை வழங்கினோம். கிரண் படமெடுத்தான். பெண்கள் புத்தம்புது ஷூவோடு பட்டுப் பிரிவின் வாசலுக்கு நடந்துபோய், அப்படியே நின்றார்கள். அங்கே நானே எழுதிமாட்டிய பலகை தொங்கியது: 'மகாலட்சுமி வாசம் செய்யுமிடம். காலணிகளைக் கழற்றவும்.'

ஐயோ! குழு ஒரு கணம் திகைத்தது. ஆனால் தெய்வ காரியத்தில் விட்டுக்கொடுக்க முடியுமா? ஆசாரியை வரவழைத்து, வாசலோரம் முழங்கால் உயரத்தில் தேக்குப் பலகை அடித்து, அதன்மேல் சிவப்பு வெல்வெட் மெத்தை போட்டு, ஷூக்களை வரிசையாக வைத்தோம். பெண்கள் வழக்கம்போல் வெறுங்காலோடு உள்ளே நின்றார்கள். பார்த்தவர்களெல்லாம் அசந்துபோனார்கள்.

மறுவாரம், நான்கு ஜோடியை நகர்த்திவிட்டு அந்த மெத்தைமேல் பஞ்சவர்ணம் உட்கார்ந்திருந்தாள். எனக்கு ரத்தம் கொதித்தது.

"இன்னாம்மா இது? ஷூ வெக்கற எடத்துல!"

"காலைலேர்ந்து அது குந்திகினு கீது, நான் நின்னுகினு கீறேன் சார். செத்த நேரம் மாத்திக்கலாம்னு பாத்தேன்."

எழுப்பி உள்ளே அனுப்பினேன். ஷூக்களை நானே குனிந்து, தூசி தட்டி, பழைய இடத்தில் உட்காரவைத்தேன். குழுவுக்கு மகத்தான வெற்றி. எங்கள் கடையில் இன்றுவரை ஒரு ஷூவுக்குக்கூடக் கால்வலி வந்ததில்லை.