பொட்டலக்காரரின் சொல்லடைவு

மாத்தளை மாவட்டம் ஈன்ற மாந்தருள் பொட்டலக்காரரைப் போல் பொறுமையற்றவர் ஒருவருமிலர். பேருந்து உக்குவளையில் சற்றே தாமதித்தாலும் இறங்கி நடப்பார். அதே பேருந்து அவரைக் கடந்து செல்லும்.

போர் உச்சமுற்றிருந்த அந்நாள்களில், மாத்தளை நகரில், ‘நானா’ என்று நாங்கள் அழைத்த முஸ்லிம் வணிகரின் பலசரக்குக் கடையின் மேல்மாடியில், என் அறைக்கு அடுத்த அறையில் ஒரு பழங்கணினியோடு அவர் வாழ்ந்தார். உலகெங்கும் பலர் எழுதி, எவரும் காணத் திறந்துவைத்த மென்பொருள்களின் மூலநிரல்களைத் திரட்டி, எச்சொல் எங்குளது எனக் காட்டும் சொல்லடைவு ஒன்றை அமைத்துவந்தார். ஒவ்வொரு மென்பொருளையும் ‘பொட்டலம்’ என்பார்; அதுவே அவர் பெயராயிற்று.

“நானா, கராம்பு எந்தச் சாக்குல இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியும். இந்தப் பொட்டலங்கள்ல எது எங்க இருக்குன்னு ஒருத்தனுக்கும் தெரியாது.”

“கராம்பு விக்கும் தம்பி. இத யாரு வாங்குவா?”

“விக்கிறதில்ல. சும்மா குடுக்கிறது.”

“யா அல்லாஹ்!”

கணினியைத் தொட்டவர் ஓர் எழுத்தைத் தேடித் தயங்கினால் கையைத் தட்டிவிடுவார். “தள்ளுங்க ஐயா! அட்டைகூட இத விட வெரசா கால்ல ஏறும்!” என்னும் வாழ்த்து எனக்கும் கிட்டியதுண்டு.

அடைவின் இறுதிக்கட்டம் ஓடிக்கொண்டிருந்த ஒரு காலையில் சீருடையணிந்தோர் சோதனையிட வந்தனர். இந்நிரல்களைத் தந்தவர் யாரென்று அவர்களுள் ஒருவர் சிங்களத்தில் வினவினார். பொய்யறியாத பொட்டலக்காரர் அம்மொழியிலேயே விடையிறுத்தார்: தந்தவர்கள் வெளிநாட்டார், முகமறியார், காசு பெறார். அந்நாளில் இதனினும் கேடான உண்மை பிறிதில்லை.

“ஐயா, அணைச்சிடாதீங்க! நடுவுல நின்னா மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்!” என்று என்னை நோக்கி அவர் எழுப்பிய கூக்குரலோடு, அவரை ஏற்றிய ஜீப் மறைந்தது. திரையே கணினியென எண்ணி அதையும் கொண்டுபோயினர். மேசைக்கடியில் கணினியின் பெட்டி முனகிக்கொண்டே இருந்தது.

மின்வெட்டுக்கென இணைத்திருந்த பற்றரி சோர்ந்தபோது நானா தம் லொறியின் பற்றரியைக் கழற்றி வந்தார். லொறி யட்டவத்தை ஊருக்குக் கொண்டுசெல்லவிருந்த சரக்கு கடையிலேயே கிடந்தது.

“போற புள்ள ஒண்ணுதானே கேட்டுச்சு” என்றார்.

பல வாரங்களின் பின் பொட்டலக்காரர் திரும்பினார். தண்ணீரும் வேண்டாமல், “முடிஞ்சுதா?” என்றார். நானா எங்கிருந்தோ ஒரு திரை கொணர்ந்தார். அடைவு முடிந்திருந்தது. விசைப்பலகையை நோக்கி நீண்ட பொட்டலக்காரரின் கைகள் பின்வாங்கின. விரல்கள் மடங்க மறுத்தன.

“நீங்க தட்டுங்க, ஐயா.”

அவர் ஓர் ஆங்கிலச் சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்ல, ஒவ்வொன்றையும் தேடித் தேடி அழுத்தினேன். திரை நிறைய விடைகள் விரிந்தன. அடுத்த சொல்லைச் சொன்னார். அதற்கும் அத்துணை நேரமாயிற்று. அவர் அசையாது காத்திருந்தார்.

அட்டையென்று ஒருமுறை ஏசமாட்டாரா என்று என் நெஞ்சு ஏங்கிற்று.