மாப்பிள்ளை அழைப்புக் கார் வந்து சேர்ந்த விவரம்

உ
சிவமயம்

மானகிரி,
கீலக வருடம், மாசி 12.

சென்னையில் இருக்கும் மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்கள் சமூகத்திற்கு, மானகிரி தேனப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும், என் வீட்டில் சாலாவும், கல்யாணப் பெண் சிகப்பியும், தாங்கள் கூட்ஸ் ரயிலில் அனுப்பிய காரும் சௌக்கியம். அவ்விடம் தாங்களும் மாப்பிள்ளை இராமுவும் அவ்விதமே இருக்கப் பிள்ளையார் துணை.

தங்கள் கடிதத்தைப் பதினைந்து தடவை படித்தேன். தங்கள் அப்பச்சி கொழும்பில் ஆசைப்பட்டு வாங்கிய அந்த இரண்டு ஆள் சிவப்புக் காரில்தான் மாசி 19-ம் தேதி மாப்பிள்ளை அழைப்புக்கு வருவேன் என்று இராமு ஒற்றைக் காலில் நிற்பதாகவும், அதில் ஒரு கீறல் விழுந்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான் என்றும் எழுதியிருந்தீர்கள். நான் பெண்ணைப் பெற்றவன். தாலி கட்டுகிறவர் உர்ரென்று கட்டினால், அந்தப் போட்டோவை என் மகள் ஆயுசு பூராவும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே கீறல் விழாது என்று முடிவு செய்துவிட்டேன்.

நேற்றுக் காலை கல்லல் ஸ்டேஷனில் காரைப் பார்த்ததும் குனிந்து விரலை வைத்து அளந்தேன். அதற்கும் தரைக்கும் நாலு விரற்கடைதான் இடைவெளி. இங்கே வருகிற ரோட்டில் மாட்டுவண்டித் தடம் முழங்கால் ஆழம். ஓட்டி வந்தால் அடிவயிறு தேய்ந்துவிடும் என்று, எங்கள் ஊர்க் கோட்டைச்சாமியின் டிராக்டரையும் டிரெய்லரையும் வாடகைக்குப் பிடித்தேன். அவர் முந்தின நாள்தான் அதில் எரு அடித்திருந்தார். கழுவச் சொன்னால், "கார் என்ன செட்டியாரே, மோந்தா பாக்கப் போகுது?" என்கிறார். விட்டேனா? நானே பக்கத்தில் நின்று மூன்று தடவை கழுவ வைத்து, வைக்கோல் பரப்பி, அதன்மேல் கல்யாணத்துக்கு வாங்கிய புது ஜமக்காளத்தை விரித்தேன். (இதைச் சாலாவிடம் இன்னும் சொல்லவில்லை.) கல்லலில் கூட்ஸ் பிளாட்பாரமும் டிரெய்லரும் ஒரே மட்டம், ஆகையால் தள்ளியதும் ஏறிவிட்டது. கயிறு பெயிண்டை அறுக்குமே என்று என் பட்டு வேட்டியைக் கயிற்றில் சுற்றிக் கட்டினேன். அப்படியும் மனசு கேட்காமல், நானே காருக்குள் உட்கார்ந்து வழி நெடுக பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். "செட்டியாரே, நீங்க கார ஓட்டுறீகளா, கார் ஒங்கள ஓட்டுதா?" என்று வயற்காட்டில் நின்றவனெல்லாம் கேட்டான். கேட்டுவிட்டுப் போகட்டும். மடக்கின வலதுகால்தான் இன்னும் நீள மாட்டேன் என்கிறது.

வீட்டு வாசலுக்கு வந்தால் இறக்குவதற்கு வழியில்லை. கோட்டைச்சாமி இரண்டு பலகையைச் சாய்த்துப் போட்டார். நான் குனிந்து பார்த்தேன். முன்சக்கரம் பலகையில் இறங்கியதும் வயிறு டிரெய்லர் விளிம்பில் உட்கார்ந்துவிடும். "லேசா ஒரசும், அம்புட்டுத்தான். கண்ணுக்குத் தெரியாது" என்றார். "எங்க சம்பந்தி கண்ணுக்குத் தெரியும்" என்றேன். ஒரு மணி நேரம் நின்றோம். கடைசியில் அவர், "திருக்கோஷ்டியூர் தெப்பத்துக்கு ஆள் ஏத்தணும், எனக்கு நேரமாச்சு. இப்ப எறக்குறீகளா, காரையும் பெருமாளச் சேவிக்கக் கூட்டிட்டுப் போகவா?" என்று டிராக்டரைக் கிளப்பிவிட்டார்.

அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று தோன்றியது. வெள்ளத்துக்குப் பயந்து நம் பெரியவர்கள் வீட்டை மார்பளவு மேடை போட்டுத்தானே கட்டியிருக்கிறார்கள். டிரெய்லரைப் பின்னாலேயே எடுத்து வாசல் முகப்பு மேடையோடு ஒட்ட நிறுத்தச் சொன்னேன். அளந்து வைத்தது போல ஒரே மட்டம். தூணுக்கும் காருக்கும் அங்குட்டு மூணு விரல், இங்குட்டு மூணு விரல். ஆறு பேர் தள்ள, தங்கள் கார் வழுக்கிக்கொண்டு நேரே முகப்புக்குள் வந்து நின்றது. டார்ச் லைட் அடித்து, மல்லாக்கப் படுத்து அடிவயிறு வரை பார்த்துவிட்டேன். ஒரு கீறல் இல்லை. தாங்கள் கவலையில்லாமல் புறப்பட்டு வரவும்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் இராமுவுக்கு எங்கள் ஆசியையும் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி,
தேனப்பன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது சாலா வந்து, "மாப்பிள்ளயக் கோயில்ல இருந்து அழச்சுக்கிட்டு வாரதுக்குத்தானே இந்தக் காரு? இது வீட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கிருச்சே. கோயிலுக்கு எப்புடிக் கொண்டு போவீக?" என்று கேட்டாள். திருக்கோஷ்டியூரில் திருவிழா தொடங்கிவிட்டது, தெப்பம் 21-ம் தேதி. சுற்று வட்டாரத்து டிரெய்லர் எல்லாம் அங்கேதான், அது முடியாமல் ஒன்றும் திரும்பாது. பலகை போட்டால் வயிறு உரசும், அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். சிகப்பி காலையிலிருந்து காரைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். போட்டோவில் அவள் முகமாவது நன்றாக விழும். ஆகவே மாப்பிள்ளை தயவுசெய்து கோயிலிலிருந்து நடந்தே வரட்டும். படியேறியதும் காரில் உட்கார்ந்துகொள்ளட்டும். அங்கிருந்து மணவறைக்குப் பன்னிரண்டு அடி. தள்ளுவதற்கு அதே ஆறு பேரையும் சொல்லி வைத்துவிட்டேன்.