தாய்மாமனுக்கு மசக்கை

பிள்ளை இல்லாத வீட்டுக்கு யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. எங்கள் வீட்டுக்கு செவ்வாழை வந்தது, அத்திப்பழம் வந்தது, முருங்கைக்கீரை கட்டுக் கட்டாக வந்தது, கருப்பட்டி போட்ட உளுந்தங்களி தூக்குச்சட்டியில் வந்தது. எல்லாம் என் மனைவி செல்விக்கு. என் பக்கம் ஒரு பழத்தை நீட்டியவர் கிடையாது. (செவ்வாழை ஆம்பளைக்குத்தான் நல்லது என்று சொல்லிக்கொண்டே அவள் கையில் கொடுத்துவிட்டுப் போன புண்ணியவான்களும் உண்டு.)

நான் இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். கூச்ச சுபாவம். பஸ்ஸில் என் நிறுத்தம் வந்தாலும் வாய் திறந்து சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிற ஆள்.

எனக்கும் சேர்த்துப் பேச ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அக்கா இருந்தாள். அவள்தான் செல்வியின் சாப்பாட்டு மந்திரி. அவளுடைய பெரிய ஆயுதம் மலைவேம்பு இலைச் சாறு. அந்தக் கசப்புக்கு முன்னால் வேப்பங்கொழுந்தெல்லாம் மிட்டாய். மாதாமாதம் அதைப் பாட்டிலில் கொண்டுவந்து, பக்கத்தில் நின்று குடிக்க வைத்துவிட்டுத்தான் போவாள்.

நாங்கள் பார்த்த டாக்டரம்மா சொன்னது வேறு. "இதைச் சாப்பிட்டா பிள்ளை பிறக்கும்னு தனியா ஒரு பண்டம் கிடையாதும்மா. கீரை, பருப்பு, முட்டை, பழம்னு ரெண்டு பேருமே நேரத்துக்குச் சாப்பிடுங்க. அந்தச் சாறு வேண்டாம்." பிறகு என்னைப் பார்த்தார். "உங்களுக்குத்தான் வேலை அதிகம். சிகரெட்டை விடணும், வடையைக் குறைக்கணும், வயிறு இறங்கணும்."

செல்வி இதை அக்காவிடம் ஒரு வரி விடாமல் சொன்னாள்.

"எந்தம்பிக்கு என்னட்டி கொறை? கல்லு மாதிரி இருக்கான்!" என்று அக்கா மறுபடி பாட்டிலைத் திறந்தாள்.

அக்கா மகளுக்கு, அதாவது என் மருமகளுக்கு, வளைகாப்பு வந்தது. தாய்மாமன் சீர்த்தட்டோடு பஸ்ஸில் போகும்போது செல்வி என்னிடம் தணிந்த குரலில் சொன்னாள்: "ஏங்க, வீட்டுக்குள்ள குடிச்சேன், சரி. இன்னைக்கு அம்புட்டுப் பேரு முன்னால அந்த டம்ளரை நீட்டுனாங்கன்னா எந்திரிச்சு வந்துருவேன். பொறவு உங்க அக்கா வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சொல்லுதேன்" என்றேன். வீரமாகத்தான் சொன்னேன். ஆனால் மண்டபத்தில் அத்தனை பெண்களைப் பார்த்ததும் நாக்கு உள்ளே போய்விட்டது. பயத்தை அமுக்க, கையில் கிடைத்த பால்கோவாவை எல்லாம் தின்றேன்.

மருமகளுக்கு வளையல் அடுக்கி முடிந்தது. அடுத்து, பிள்ளை வேண்டுகிறவளை அதே மணையில் உட்கார வைத்து வளையல் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். செல்வி உட்கார்ந்தாள். ஆசையாகத்தான் கையை நீட்டினாள். அப்போது வந்தது பச்சைச் சாறு டம்ளர்.

"ஏட்டி செல்வி, நெறைஞ்ச சபை. ஒரே மடக்குல குடிச்சுரு."

செல்வி என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை. நான் எழுந்தேன். வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. திறந்த வாயைச் சும்மா மூடுவதற்கும் வெட்கமாக இருந்தது. அக்கா கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கி நானே குடித்துவிட்டேன்.

பால்கோவாவும் மலைவேம்பும் வயிற்றுக்குள் சந்தித்தன. செத்த நேரம்தான். நான் கொண்டுபோன சீர்த்தட்டு மேலேயே, பட்டுச்சேலை, பூ, பழம் எல்லாவற்றின் மேலும், அப்படியே வாந்தி எடுத்தேன்.

பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டியம்மாவுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கிறது. மணையில் உட்கார்ந்திருப்பது யாரென்று அவருக்குத் தெரியும். செல்விக்குத்தான் மசக்கை என்று உடனே குலவை போட்டுவிட்டார். ஒரு குலவை கேட்டால் எங்கள் ஊர்ப் பெண்கள் காரணம் கேட்க மாட்டார்கள். மண்டபமே குலவை போட்டது.

"மசக்கையா? யாருக்கு?"

"தாய்மாமனுக்காம்லா!"

செல்வி முதலில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். பிறகு பொத்த முடியாமல், வளையல் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவோ காலமாகியிருந்தது. அந்தச் சிரிப்பில்தான் என் நாக்கு வெளியே வந்தது. பையிலிருந்த பேண்டேஜ் துணியால் வாயைத் துடைத்தேன். (எங்கள் கம்பெனி ஆட்களுக்கு அதுதான் கைக்குட்டை.)

"அக்கா, நான் கல்லு இல்ல. டாக்டர் எனக்குத்தான் வடையைக் குறைக்கச் சொன்னாரு, சிகரெட்டை விடச் சொன்னாரு. இனிமே பத்தியம் சொல்லுதவுக எங்கிட்ட வந்து சொல்லுங்க. இவ கையில டம்ளரைக் குடுத்தா, அதையும் நாந்தான் குடிப்பேன். குடிச்சா என்னாகும்னு பாத்துட்டீக!"

அக்கா பாழான பட்டுச்சேலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏலே, இம்புட்டுப் பேசுவியா நீ?" என்றாள். டம்ளரை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு அந்தப் பாட்டில் வரவே இல்லை.

அந்த மருமகளின் பிள்ளை இன்று பள்ளிக்கூடம் போகிறான். என்னைப் பார்த்தால் தெருவே கேட்க, "மசக்கைத் தாத்தா வாராக!" என்று கத்துவான். கத்தட்டும். நானும் திரும்பிப் பார்த்துக் கையாட்டுவேன்.

அதெல்லாம் சரி, உங்களுக்குப் பிள்ளை பிறந்ததா என்றுதானே கேட்க வருகிறீர்கள்? சொல்ல மாட்டேன். எங்கள் தெருமுனையில் ஒரு மலைவேம்பு தழைத்து நிற்கிறது. கேட்கிறவர்கள் முதலில் ஒரு டம்ளர் குடித்துவிட்டு வந்து கேளுங்கள். குலவை போட செல்வி தயாராக இருக்கிறாள்.